அத்தைக்கு ஒரு பட்டன் போன்

வயதானவர்களுக்கு ஒரு செல்போன் வாங்கிக் கொடுப்பதில் என்ன பெரிய கஷ்டம் இருக்கிறது? கடைக்குப் போனால் கொட்டிக் கிடக்கிறது, ஒன்றை வாங்கி, நம்பரைப் போட்டுக் கையில் கொடுத்தால் முடிந்தது வேலை! நானும் அப்படித்தான் நினைத்துக் கொண்டிருந்தேன், சகோதரிகளே. இரண்டு வருஷத்தில் மூன்று போன் மாறி, நடுவில் என் மாமியாரின் மணிக்கட்டும் முறிந்த பிறகுதான் எனக்குப் புத்தி வந்தது. உங்களில் யாருக்காவது இது உபயோகப்படட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

என் மாமியாருக்கு வயது 79. மயிலாப்பூரில், மாட வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் பழைய வீடு. மாடியில் ஒரு குடித்தனம், கீழே அத்தை மட்டும் தனியாக. நாங்கள் இருப்பது அடையாறில். "எங்களோடு வந்து இருங்க அத்தை" என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். "கபாலி கோயில் மணிச் சத்தம் கேக்காம எனக்குப் பொழுது விடியாதும்மா" என்பார். அடையாறுக்கும் மயிலாப்பூருக்கும் அப்படி ஒன்றும் தூரமில்லை. ஆனால் ராத்திரி இரண்டு மணிக்கு முழிப்பு வந்து, 'அத்தை இப்போ எப்படி இருக்காங்களோ?' என்று தோன்றும் பாருங்கள், அப்போது அது ரொம்ப தூரம்தான்.

மாமனார் இருந்தபோது வாங்கிய நோக்கியா 1100 ஒன்று அத்தையிடம் இருந்தது. 2003ஆம் வருஷம் வெளிவந்த மாடல். தலையில் டார்ச் விளக்கு, தூசி புகாத ரப்பர் பட்டன்கள். உலகம் முழுவதும் 25 கோடிக்கு மேல் விற்றதாம். நம் வீடுகளில் இதைப் பார்க்காதவர்கள் உண்டா? மாமனார் காலமான பிறகு அது அத்தையின் இடுப்புச் சுருக்குப்பைக்குள் குடியேறியது. வீபூதிப் பொட்டலம், வீட்டுச் சாவி, கொஞ்சம் சில்லறை, அதோடு இந்த போன்.

அந்த போனின் அருமை எங்களுக்குத் தெரிந்தது 2015 டிசம்பர் வெள்ளத்தில்தான். அப்போது நாங்கள் கோட்டூர்புரத்தில் ஆற்றுக்குப் பக்கத்தில் தரைத்தளத்தில் இருந்தோம். டிசம்பர் 2ஆம் தேதி விடியற்காலையில் தண்ணீர் உள்ளே வந்துவிட்டது. மேல்மாடியில் தஞ்சம் புகுந்தோம். மின்சாரம் இல்லை. எங்கள் இரண்டு பேருடைய டச் போனும் அன்று சாயங்காலத்துக்குள் கண்ணை மூடிவிட்டன. பக்கத்து வீட்டுக்காரரின் போனில் டவர் கிடைத்த ஒரு நிமிஷத்தில் அத்தையைக் கூப்பிட்டு, "நாங்க பத்திரமா இருக்கோம்" என்று மட்டும் சொன்னேன். அவ்வளவுதான். கோயம்புத்தூர் நாத்தனார், பெங்களூர் கொழுந்தனார், கும்பகோணத்தில் என் அம்மா என்று எல்லாரும் அத்தையைத்தான் கூப்பிட்டு விசாரித்திருக்கிறார்கள். அவர் வீட்டிலும் கரண்ட் கிடையாது. ஆனால் போனில் நாலு நாளைக்குச் சார்ஜ் இருந்தது! அந்த நாலு நாளும் எங்கள் குடும்பத்துக்கே தலைமைத் தபாலாபீஸ் அத்தைதான்.

அந்த போன் 2023இல் ஒரு நாள் தண்ணீர்க் குடத்துக்குள் விழுந்துவிட்டது. மூன்று நாள் அரிசி டப்பாவில் புதைத்து வைத்துப் பார்த்தார். உயிர் வரவில்லை.

"இனிமே போய் அந்தப் பழைய டப்பாவா? என் போனைக் கொடுத்துடறேன், நான் புதுசு வாங்கிக்கறேன்" என்றார் இவர். (ஆண்களுக்கு அம்மா பாசமும் புது போன் ஆசையும் ஒரே நேரத்தில் வருவதை நீங்களும் கவனித்திருப்பீர்கள்!) எழுத்தையெல்லாம் பெரிதாக்கி, தேவையில்லாததையெல்லாம் எடுத்துவிட்டு, பேரன் பேத்தி படத்தை முகப்பில் வைத்துக் கொடுத்தோம். பார்க்க அழகாகத்தான் இருந்தது.

ஆனால் போன் வந்தால் எடுக்க முடியவில்லை. சும்மா தொட்டால் போதாது, இழுக்க வேண்டும். இழுத்தாலும் அத்தையின் விரலுக்கு அது மசியவில்லை. வயதானால் விரல் நுனி காய்ந்து போகிறது. அத்தை எழுபது வருஷமாகப் பாத்திரம் தேய்த்த விரல். உலர்ந்த விரலை இந்தத் தொடுதிரைகள் சரியாக உணர்வதில்லை என்பது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. எடுத்த பிறகும் கன்னம் பட்டு 'மியூட்' ஆகிவிடும். நாங்கள் "ஹலோ, ஹலோ" என்று கத்த, அவர் அந்தப் பக்கம் பேசிக்கொண்டே இருப்பார். தெரியாமல் கை பட்டு, விடியற்காலை நாலு மணிக்குக் கொழுந்தனாருக்கு வீடியோ கால் போய்விட்டது. இருட்டில் அத்தையின் காதை மட்டும் பெரிதாகப் பார்த்து அவர் பயந்து போனார்.

இதைவிட மோசம் ஒன்று நடந்தது. யாரோ ஒருவன், "பாங்க்கிலிருந்து பேசறோம், உங்க பென்ஷன் நின்னுடும், வந்த நம்பரைச் சொல்லுங்க" என்று மிரட்டியிருக்கிறான். அத்தை கண்ணாடியைத் தேடி எடுப்பதற்குள் அவன் பொறுமையிழந்து வைத்துவிட்டான். கண்ணாடி காணாமல் போனதற்காக நான் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தது அந்த ஒரு தடவைதான்.

சரி, டச் போன் வேண்டாம் என்று முடிவு செய்து, முதியோருக்கென்றே தயாரித்த போன் ஒன்றை வரவழைத்தோம். பட்டன்கள் ஒவ்வொன்றும் எட்டணா அகலம். முதுகில் சிவப்பாக ஓர் அபாய பட்டன். அதை அழுத்தினால் சைரன் அலறும், பிறகு நாம் பதிந்து வைத்திருக்கும் ஐந்து பேருக்கும் ஒருவர் பின் ஒருவராகத் தானே போன் போகும். கேட்கவே எவ்வளவு நிம்மதியாக இருக்கிறது! நானும் இவரும் ஒருவரையொருவர் மெச்சிக் கொண்டோம்.

ஒரு பிரதோஷத்தன்று கபாலி கோயிலில் கூட்டம். அத்தை நமஸ்காரம் செய்யக் குனிந்திருக்கிறார். சுருக்குப்பைக்குள் திணித்து வைத்திருந்த போனின் முதுகு அழுந்திவிட்டது. தீபாராதனை நேரத்தில் சைரன்! நந்திக்குப் பக்கத்தில் நின்ற கூட்டம் முழுவதும் திரும்பிப் பார்க்க, அத்தை நடுங்கும் கையால் சுருக்குப்பையைப் பிரிக்கவும் முடியாமல், சத்தத்தை நிறுத்தவும் தெரியாமல் தவித்திருக்கிறார். இதற்குள் எங்கள் ஐந்து பேருக்கும் போன் வந்துவிட்டது. இவர் ஆபீஸிலிருந்து ஓட, நான் ஆட்டோவில் பறக்க, நாத்தனார் கோயம்புத்தூரில் அழுதுகொண்டே பெட்டி கட்டத் தொடங்கிவிட்டாள்.

அன்றைக்கு எல்லாரும் சிரித்துவிட்டு மறந்துவிட்டோம். அத்தை சிரிக்கவில்லை. அதை நான் கவனித்திருக்க வேண்டும்.

2024 மார்கழி. விடியற்காலை ஐந்து மணிக்குக் கோலம் போடுவதற்காகத் தண்ணீர் எடுக்கக் கிணற்றடிக்குப் போன அத்தை பாசியில் வழுக்கி விழுந்துவிட்டார். கையை ஊன்றியதில் வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது. எழுந்திருக்க முடியவில்லை. கூப்பிட்ட குரல் மாடிக்கு எட்டவில்லை. மார்கழிக் குளிருக்கு அவர்கள் ஜன்னலை மூடியிருந்தார்கள். ஆறரை மணிக்குப் பால் போட வந்த பையன், வாசலில் கோலம் இல்லையே என்று சந்தேகப்பட்டு உள்ளே எட்டிப் பார்த்திருக்கிறான். ஒன்றரை மணி நேரம் ஈரத்தரையில் கிடந்திருக்கிறார் அந்த 79 வயது மனுஷி.

ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்டு முடித்ததும் நான் கேட்ட முதல் கேள்வி, "அந்த போன் எங்கே அத்தை? பட்டனை அமுக்கியிருக்கலாமே!" என்பதுதான். கேட்டபோது என் குரலில் கோபம்கூட இருந்தது.

அத்தை முகத்தைத் திருப்பிக் கொண்டார். "அலமாரியில புடவைக்கு அடியில இருக்கும்மா. கோயில்ல கத்தினதுலேருந்து அதைக் கையில எடுக்கவே பயமா இருந்துது. அணைச்சு வெச்சுட்டேன். நீங்க போன் பண்றப்போ எடுக்கலைன்னா 'சார்ஜ் இல்லை'ன்னு சொல்லிக்கிட்டிருந்தேன். காசு போட்டு ஆசையா வாங்கிக் கொடுத்தீங்க. பிடிக்கலைன்னு எப்படிச் சொல்றது?"

எனக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை. இரண்டு போனையும் நாங்கள்தான் தேர்ந்தெடுத்தோம். எங்களுக்கு எது நிம்மதி, எங்களுக்கு எது சுலபம் என்று பார்த்தோம். அத்தை அதை எங்கே வைத்துக்கொள்வார், எந்தக் காதில் வைத்துப் பேசுவார், யாரைக் கூப்பிடுவார் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லையே! வீட்டுக்கு ஒரு மிக்ஸி வாங்குவதென்றால்கூட நாலு கடை ஏறி இறங்கி, மூடியைத் திறந்து மூடிப் பார்க்கிறோம்.

கட்டுப் பிரித்து, கைக்குப் பயிற்சியும் முடிந்து, 2025 பிப்ரவரி கடைசியில் அத்தையை தி.நகருக்கு அழைத்துப் போனேன். பாண்டி பஜாரில் இப்போது நடைபாதையை அகலமாகப் போட்டு, உட்கார பெஞ்சும் வைத்திருக்கிறார்களே, அங்கே ஒரு பெஞ்சில் உட்கார வைத்து, "இன்னிக்கு நீங்கதான் வாங்கறீங்க. நான் காசு மட்டும்தான் கொடுப்பேன்" என்றேன். "ஆமா, எனக்கு என்ன தெரியும்!" என்றார். தெரிந்திருந்தது, நிறையவே.

கடைப் பையன் ஏழெட்டு போனை வரிசையாக வைத்தான். அத்தை முதலில் செய்தது என்ன தெரியுமா? இடுப்பிலிருந்து சுருக்குப்பையை எடுத்து, உள்ளே இருந்ததை என் கையில் கொட்டிவிட்டு, ஒவ்வொரு போனாக அதற்குள் போட்டுப் பார்த்தார். முதியோருக்கென்று சொல்லிக் காட்டிய பெரிய போன்கள் இரண்டும் அந்த நிமிஷமே தள்ளுபடி. "இது வெளியில தலையை நீட்டுது. குனிஞ்சா விழுந்துடும்." மடக்கும் போன் ஒன்றைக் காட்டினான் பையன்.  மடக்கினால் பேச்சு முடிந்தது, திறந்தால் ஹலோ. யோசனை நல்லதுதான். ஆனால் அத்தையின் முறிந்து கூடிய கைக்கு அதை ஒரே கையால் திறக்க வரவில்லை.

அடுத்து பட்டன். கண்ணை மூடிக்கொண்டு தடவினார். 5ஆம் எண்ணின் மேல் சின்னதாக ஒரு மேடு இருக்கும், கவனித்திருக்கிறீர்களா? பார்வை இல்லாதவர்களும் விரலாலேயே எண்களைக் கண்டுபிடிப்பதற்காக வைத்தது. அத்தை பழைய போனில் இருபது வருஷமாக அந்த மேட்டை வைத்துத்தான் நம்பர் போட்டாராம். எங்கள் யாருக்கும் தெரியாது. சில போன்களில் அந்த மேடு பேருக்குத்தான் இருக்கிறது. சிலவற்றில் பட்டன்கள் ஒன்றோடொன்று ஒட்டி, ஒன்றை அமுக்கினால் பக்கத்ததும் விழுகிறது. பெரிய பட்டனைவிட, பட்டன்களுக்கு நடுவே இடைவெளியும், அமுக்கினால் 'டக்' என்று விரலுக்குத் தெரிவதும்தான் முக்கியம் என்று அத்தை பையனுக்குப் பாடமே நடத்தினார்.

பிறகு காது. "சிம்மைப் போட்டுப் பேசிக் காட்டு தம்பி. பொட்டியைப் பார்த்து வாங்க முடியாது" என்றார். பையன் முணுமுணுத்துக் கொண்டே போட்டுக் கொடுத்தான். நான் கடை வாசலில், பஸ் ஹாரனுக்கு நடுவில் நின்று பேசினேன். உள்ளே அத்தை வலது காதில் வைத்தார், இடதுக்கு மாற்றினார், மறுபடி வலது. அப்போதுதான் சொன்னார், "எனக்கு வலது காது ரெண்டு வருஷமாவே சரியில்லைம்மா." டச் போனில் நாங்கள் பேசியது பாதிக்குப் பாதி அவர் காதில் விழுந்ததேயில்லை! எல்லாவற்றுக்கும் "ஆமாம், சரி, வெச்சுடட்டுமா" என்று சொன்னதன் ரகசியம் அதுதான். காசு ஏறுமே என்று சீக்கிரம் வைக்கிறார் என்றுதான் நான் எண்ணியிருந்தேன். வரும் அழைப்புக்கும் காசு கொடுத்த காலம் 2003ஓடு முடிந்துவிட்டது என்று அவருக்கு எத்தனை தடவை விளக்கியிருப்பேன்!

காதுக் கருவி வைத்திருப்பவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால், கருவியை மாட்டியபடியே கடையில் பேசிப் பார்க்கச் சொல்லுங்கள். சில போன்களைக் கருவியருகே கொண்டு போனால் 'உய்ங்' என்று கூவுகிறது. போன் விவரத்தில் எம்3, எம்4, டி3, டி4 என்று போட்டிருந்தால் அது கருவியோடு ஒத்துப் போகும் அளவைக் குறிக்கும். நாலு என்றால் மூன்றைவிட மேல்.

கடைசியில் அத்தை எடுத்தது இரண்டாயிரத்துச் சொச்சத்தில் ஒரு சாதாரண பட்டன் போன். மேல் விளிம்பில் டார்ச் இருக்கிறது. நிறம் நீலம். "கறுப்பு வேண்டாம், ராத்திரியில தேட முடியாது." ரேடியோ உண்டு, அதுவும் இயர்போன் வயர் இல்லாமலே பாடுகிறது. (பல போன்களில் அந்த வயர்தான் ஏரியல். அதைச் செருகாவிட்டால் ரேடியோ வாயே திறக்காது. கேட்டு வாங்குங்கள்.)

இதில் நான் வாயைத் திறந்தது ஒரே இடத்தில்தான். எண்ணூறு ரூபாய்க்குப் பழைய 2ஜி போன் ஒன்று இருந்தது. விலையைப் பார்த்து அத்தையின் கை அங்கே போனது. நான்தான் 4ஜி என்று பிடிவாதம் பிடித்தேன். ஜியோவுக்கு 2ஜி சேவையே கிடையாது, அந்த சிம் 2ஜி போனில் வேலை செய்யாது. மற்றவை இன்று வேலை செய்தாலும், 4ஜியில் குரல் தெளிவாக இருக்கிறது, காது மந்தமானவர்களுக்கு அது பெரிய உபகாரம். இன்னொன்று, 2023இல் 999 ரூபாய்க்கு வந்த ஜியோ பாரத் மாதிரி போன்களில் அந்தக் கம்பெனி சிம் மட்டும்தான் போட முடியும். மலிவு என்று வாங்கிக் கொண்டு வந்து, வீட்டில் வேறு சிம் இருந்தால் கஷ்டம்.

நம்பரை மட்டும் மாற்றவே மாற்றாதீர்கள், சகோதரிகளே. பாங்க், ஆதார், ரேஷன் கார்டு, காஸ் சிலிண்டர் எல்லாம் அந்த நம்பரோடுதான் முடிச்சுப் போட்டிருக்கிறது. கம்பெனி மாற வேண்டுமென்றாலும் நம்பரை வைத்துக்கொண்டே மாறலாம். டச் போனுக்காகச் சின்னதாக்கிய சிம், பட்டன் போனின் பெரிய பள்ளத்தில் நிற்காது. அதற்கு ஒரு பிளாஸ்டிக் சட்டம் விற்கிறது, பத்து இருபது ரூபாய்தான். கடையிலேயே போட்டு வாங்கிவிடுங்கள். ரீசார்ஜ் விஷயமும் கேளுங்கள். பட்டன் போனுக்கு இன்டர்நெட் எதற்கு? பேச்சும் எஸ்.எம்.எஸ்ஸும் மட்டும் உள்ள திட்டம் தனியாகக் கொடுக்க வேண்டும் என்று 2024 டிசம்பரில் டிராய் உத்தரவு போட்டு, 2025 ஜனவரியில் கம்பெனிகளும் கொண்டு வந்தன. வருஷம் முழுதுக்குமான திட்டமும் உண்டு. நாம் கேட்டால்தான் கடைக்காரர் அதைச் சொல்கிறார்.

வாங்கியது பாதி வேலைதான். வீட்டுக்கு வந்து நாங்கள் இரண்டு பேரும் ஒரு வாரம் உட்கார்ந்தோம்.

ஒரு பட்டனை நீட்டி அமுக்கினால் ஒருவருக்குப் போகும்படி போட்டோம். 2ஆம் எண்ணுக்கு மகனைத்தான் போட வேண்டும் என்று நான் ஆரம்பித்தேன். "அவன் அடையாறிலேருந்து வர்றதுக்குள்ள நான் மறுபடி விழுந்து எழுந்துடுவேன். மாடி வீட்டுப் பொண்ணைப் போடு" என்றார் அத்தை. சரிதானே! அபாயத்துக்குப் பாசமானவர் எதற்கு, பக்கத்தில் இருப்பவர்தான் வேண்டும். 2 மாடி வீடு, 3 நான், 4 இவர். மற்ற நம்பர்கள் அத்தைக்கு மனப்பாடம், பதினோரு நம்பர்! "புத்தியை வேலை வாங்கலைன்னா துருப்பிடிச்சுடும், அதை மெஷின்ல போடாதே" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

சைரன் இல்லாத போனில் அபாய பட்டன் இல்லையே என்று கவலைப்படத் தேவையில்லை. 2017 ஜனவரி 1 முதல் இந்தியாவில் விற்கும் பட்டன் போன்களில் 5 அல்லது 9ஐ நீட்டி அமுக்கினால் அவசர அழைப்பு போக வேண்டும் என்று மத்திய அரசு 2016இலேயே விதி போட்டிருக்கிறது. உங்கள் போனில் எந்தப் பட்டன் என்று கடைக்காரரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நேரே 112 என்றும் போடலாம். ஆம்புலன்சுக்கு 108.

மணிச் சத்தத்துக்கும் ஒரு சூட்சுமம் உண்டு. வயதான காதுக்குக் கீச்சுக் குரல்தான் முதலில் விடைபெறுகிறது என்றார் காது டாக்டர். ஆகவே குருவிச் சத்தம், புல்லாங்குழல் எல்லாம் வேண்டாம், கனத்த சத்தமாக வையுங்கள் என்றார். வைத்தோம். அப்படியும் நான் கூப்பிட்டால் அத்தை எடுப்பதற்குள் நின்றுவிடும். அப்புறம்தான் விசாரித்தேன். 2019இல் டிராய் போட்ட விதிப்படி, செல்போன் மணி 30 விநாடிதான் அடிக்கும். வீட்டுத் தொலைபேசி என்றால் 60 விநாடி. மூட்டு வலியோடு கிணற்றடியிலிருந்து கூடத்துக்கு 30 விநாடியில் யாரால் வர முடியும்? அதனால்தான் போன் மேஜைமேல் இருக்கக் கூடாது, உடம்போடு இருக்க வேண்டும். அத்தையின் சுருக்குப்பை மாதிரி உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு ஏதாவது இருக்கும். வேட்டி மடிப்போ, ஜிப்பா பையோ, கழுத்துக் கயிறோ. அதைப் பார்த்துவிட்டுக் கடைக்குப் போங்கள்.

சார்ஜர் முனை எந்தப் பக்கம் மேலே என்று கண்ணுக்குத் தெரியவில்லை. என் பெண்ணின் சிவப்பு நகப்பூச்சால் முனையிலும் போனிலும் ஒரு பொட்டு வைத்தேன். பொட்டும் பொட்டும் சேர வேண்டும், அவ்வளவுதான். விளக்கேற்றும் நேரத்தில் சார்ஜில் போடுவது, படுக்கப் போகுமுன் எடுப்பது என்று ஒரு பழக்கம்.

ஏமாற்றுக்காரர்களுக்கு ஒரே ஒரு விதி: பாங்க் என்றாலும் போலீஸ் என்றாலும், நம்பர் கேட்டால் பதிலே சொல்லாமல் வைத்துவிடுவது. போனிலேயே கைது செய்கிறேன் என்று எந்தப் போலீசும் சொல்ல மாட்டார்கள். அப்படியும் பணம் போய்விட்டால் உடனே 1930க்குச் சொல்ல வேண்டும். விளம்பர அழைப்புகளை நிறுத்த 1909 இருக்கிறது. "தெரியாதவங்க வாசல்ல வந்து கேட்டா அரிசி டப்பாவையா காட்டுவோம்?" என்றார் அத்தை. அவருக்குப் புரிந்துவிட்டது.

கற்றுக் கொடுக்கும்போது நான் செய்த தப்பையும் சொல்லிவிடுகிறேன். அவர் தடுமாறினால் "கொடுங்க, நான் பண்றேன்" என்று பிடுங்கிவிடுவேன். மூன்றாம் நாள் என் பெண்தான், "அம்மா, நீ கத்துக்கறியா, பாட்டி கத்துக்கறாங்களா?" என்று கேட்டாள். அன்றிலிருந்து கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன்.

எல்லா வயதானவர்களுக்கும் பட்டன் போன்தான் சரி என்று நான் சொல்ல மாட்டேன். கும்பகோணத்தில் என் அம்மாவுக்கு 72. டச் போனில் வாட்ஸ்அப்பில் எனக்கு முன்னால் குட்மார்னிங் அனுப்புகிறாள், கோலப் படம் தேடுகிறாள். அவளிடம் போய்ப் பட்டன் போனைக் கொடுத்தால் என்னை வீட்டுக்குள்ளேயே விடமாட்டாள்! அமெரிக்காவில் பேரக்குழந்தை இருக்கிறவர்களுக்கு முகம் பார்க்காமல் பொழுது போகாது. அவர்களுக்கு மேஜையில் நிறுத்தி வைக்கும் டேப்லட் ஒன்றும், இடுப்புக்கு ஒரு பட்டன் போனும் என்று இரண்டாக வைக்கலாம். செலவுதான், ஆனால் எடுக்கத் தெரியாத பெரிய போன் ஒன்றைவிட மேல்.

இப்போது தினமும் காலை ஐந்தரைக்கு அத்தையிடமிருந்து எனக்கு ஒரு மிஸ்டு கால் வரும். 'எழுந்துவிட்டேன், கோலம் போட்டாச்சு' என்று அர்த்தம். நான் எடுக்கக் கூடாது. ஐந்தே முக்கால் வரை வராவிட்டால் நான் மாடி வீட்டுப் பெண்ணைக் கூப்பிட வேண்டும். இந்த ஏற்பாடும் அத்தையுடையதுதான்.

போன வாரம் வெள்ளிக்கிழமை மிஸ்டு கால் நிற்கவில்லை, அடித்துக்கொண்டே இருந்தது. வயிற்றில் புளியைக் கரைத்தது. பதறிப்போய் எடுத்தேன்.

"என்ன அத்தை? என்ன ஆச்சு?"

"எனக்கு ஒண்ணுமில்லை. நேத்து ராத்திரி பேசறப்போ உன் குரல் கம்மியிருந்துதே, ஜலதோஷமா? மிளகு ரசம் வெச்சுக் குடி. காலையில பையனை அனுப்பறேன், ரசப்பொடி கொடுத்து விடறேன். வெச்சுடட்டுமா?"